நாகலட்சுமி லீவு போட்டால்

“அக்கா, ஒரே ஒரு நாள் வந்து உக்காந்துட்டுப் போங்க. பெஞ்சுல உக்காந்தாப் போதும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

தமிழ்செல்வன் இப்படித்தான் ஆரம்பிப்பான். ஒன்றும் பண்ண வேண்டாம் என்று அவன் சொன்னால் பண்ணுவதற்கு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மலைமேல் சோளக்காட்டில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்து மிளகுப் பிரிவுக்கு இப்போது அவன்தான் மேலாளர். அவனுக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டவள் நான். ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது.

“என்ன விஷயம், சொல்லு சாமி.”

“கலர் பாத்து மிளகு பிரிக்கிற மெஷின் வருதுங்க்கா. அதை ஓட்ட நம்மாளுங்களையே பழக்கலாம்னு சங்கத்துல ஒத்துக்கிட்டாங்க. யாருக்கு என்ன தெரியும், என்ன பயிற்சி வேணும்னு கேட்டு எழுதறதுக்கு நாமக்கல்லுல இருந்து கலைச்செல்வின்னு ஒரு அம்மிணி வருது. நம்மாளுங்க புது முகத்தைப் பாத்தா வாயைத் தொறக்க மாட்டாங்க. நீங்க பக்கத்துல இருந்தாத் தொறப்பாங்க.”

“மெஷினுக்கு யாரை நெனச்சிருக்கறே?”

“மாதம்மாளைத்தானுங்க்கா. மிளகு தெரிஞ்ச ஆளு அதுதானே? ஆனா நான் நெனச்சு என்ன ஆகுது, பேப்பர்ல வரணும்.”

சரி வாரேன் என்று போனை வைத்துவிட்டேன்.

மாதம்மாளுக்கு எண் படிக்கத் தெரியாது. வாய்க்கணக்கில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. ஆனால் எழுதின எண்ணைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இது எங்கள் பிரிவில் இரண்டே பேருக்குத் தெரிந்த சங்கதி. ஒருத்தி நாகலட்சுமி, இன்னொருத்தி நான்.

மறுநாள் உள்ளே காலை வைத்ததும் அதே நெடி. மிளகுத் தூசி மூக்கில் ஏறி மூன்று தும்மல் போட்டேன். உள்ளேயிருந்து ராசப்பன் குரல்.

“அக்கா வந்துட்டாங்க! மூணு தும்மல் அக்கா ஒருத்தருக்குத்தான்.”

“ஆறு வருஷமாச்சு ராசப்பா, இன்னும் எண்ணிக்கிட்டா இருக்கறே?”

“வேற என்னுங்க வேலை எனக்கு?”

ஐந்தே பேர் கொண்ட பிரிவு அது. ராசப்பன் மூட்டை வாய் தைப்பவர், மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதிக்காரர். உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் குழந்தைசாமி. கம்ப்யூட்டரில் லேபிள் அடிக்கும் கோகிலா, குண்டனி நாட்டிலிருந்து வரும் இருபத்துநாலு வயசுப் பெண். ஜன்னலோரத்தில் மாதம்மாள். அவள் பக்கத்திலேயே நாகலட்சுமி. இவள் அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண், தினமும் எழுபது வளைவும் ஏறி பஸ்ஸில் வருபவள். சேர்ந்த புதிதில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டேதான் இறங்குவாள். “மலையேறத் தெரியாதவளுக்கு மலை வேலை எதுக்கு?” என்று மாதம்மாள் கேட்பாள். “மிளகு கீழ காய்ச்சா நான் எதுக்கு இங்க வாரேன்?” என்பாள் இவள். இரண்டே மாசத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ஜன்னலோரம்தான் எனக்கு எப்போதும் கண்ணில் நிற்பது. மூட்டை வந்து இறங்கியதும் மாதம்மாள் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுவாள். நடு மூட்டையில் வெதுவெதுப்புத் தட்டினால் ஈரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அங்கேயிருந்து ஒரு பிடி அள்ளி, இரண்டு மிளகைக் கடித்துப் பார்த்து, மீதியை மீட்டரில் போடுவாள். ஈரம் எவ்வளவு என்று மீட்டர் எண்ணாகக் காட்டும். நாகலட்சுமி எட்டிப் பார்த்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், “பன்னண்டு புள்ளி நாலு” என்பாள். “பன்னண்டு புள்ளி நாலு, காய வேணும்” என்பாள் மாதம்மாள், தானே படித்ததுபோல. “பதினொண்ணு புள்ளி ஒண்ணு.” “பதினொண்ணு புள்ளி ஒண்ணு, கட்டலாம்.” காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தி சொல்ல ஒருத்தி வாங்க, ஏற்றப்பாட்டு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போய்ப் படுத்தால்கூட என் காதில் அதுதான்.

கலைச்செல்விக்கு முப்பது வயசிருக்கும். கழுத்தில் அட்டை, கையில் ஒரு கட்டுத் தாள்.

“அம்மா, நான் கேக்கறேன், நீங்க டிக் பண்ணுங்க. மூணே கட்டம். நல்லாத் தெரியும், ஓரளவு தெரியும், தெரியாது. சுலபம்தான்.”

“பாக்கலாம் கண்ணு” என்றேன்.

முதலில் ராசப்பன் வந்து உட்கார்ந்தார்.

“ஐயா, தையல் மெஷின் நின்னு போனா சரி பண்ணத் தெரியுங்களா?”

“தெரியுமுங்க.”

“எப்படிப் பண்ணுவீங்க?”

“குழந்தைசாமியைக் கூப்புடுவனுங்க.”

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

அடுத்தது குழந்தைசாமி.

“தீப்பிடிச்சா அணைக்கிற சிகப்பு சிலிண்டர் அங்க மாட்டியிருக்கே, அதைப் பயன்படுத்தத் தெரியுங்களா?”

“தெனமும் பயன்படுத்தறனுங்க. அதுலதான் சட்டையை மாட்டறது.”

கோகிலா வந்தாள். மிளகைப் பார்த்துத் தரம் பிரிக்கத் தெரியுமா என்று கேட்டதும் “நல்லாத் தெரியும் மேடம்” என்று படபடவென்று சொன்னாள். பின்னாலிருந்து ராசப்பன் இருமினார்.

“என்னங்கய்யா?”

“ஒண்ணுமில்லீங்க. மலையில பொறந்து காப்பிக்கொட்டைக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியாத புள்ளை இது ஒண்ணுதான். தெரியும்ங்குது. தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சிருக்கும்.”

“உங்களுக்கு மட்டும் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுமாக்கும்?” என்றாள் கோகிலா.

“தெரியுமே. அக்கா டிக் போட்டிருக்காங்க, வேணும்னாப் பாத்துக்க.”

நாகலட்சுமியும் எல்லாவற்றுக்கும் தெரியும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். கடைசியாக மாதம்மாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“மீட்டர் பாக்கத் தெரியுங்களா?”

அவள் கலைச்செல்வியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“தெரியுமுங்க.”

என் கை ‘நல்லாத் தெரியும்’ கட்டத்தில் டிக் போட்டது. வருஷா வருஷம் போட்ட டிக்தான், கைக்குப் பழக்கம். ஒவ்வொரு மார்ச்சிலும் ‘பயிற்சி தேவையா?’ என்று ஒரு தாள் வரும். மாதம்மாள் பெயருக்கு நேராக ‘தேவையில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டு, அவளைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் டீ குடிப்பேன்.

கலைச்செல்வி ஐந்து தாளையும் அடுக்கிப் புரட்டினாள். முகம் சுருங்கிப் போனது.

“அம்மா, இந்தத் தாள்படி பாத்தா இங்க யாருக்கும் ஒரு பயிற்சியும் வேண்டாம்.”

“நல்லதுதானே மேடம்?” என்றார் குழந்தைசாமி.

“என்ன நல்லதுங்க? பயிற்சி வேணுங்கறவங்க பேரைத்தான் நான் அனுப்ப முடியும். பேரே இல்லைன்னா மெஷின் விக்கிற கம்பெனி அவங்க ஆளுங்க ரெண்டு பேரை இங்க உக்கார வெச்சுடும். சாயங்காலத்துக்குள்ள பட்டியல் போகணும். உண்மையைச் சொல்லுங்க, எதுக்கு எல்லாரும் தெரியும் தெரியும்னு சொன்னீங்க?”

ராசப்பன் தலையைச் சொறிந்தார்.

“தெரியாதுன்னு சொல்றவங்களையெல்லாம் அடிவாரத்துல காரவள்ளி குடோனுக்கு மூட்டை தூக்க அனுப்பறாங்களாமே.”

“ஆரு சொன்னது?” என்றேன்.

“பஸ்ல பேசிக்கிட்டாங்க.”

“அப்படியெல்லாம் கிடையாதுங்கய்யா, சத்தியமா” என்றாள் கலைச்செல்வி.

“சரிங்க” என்றார் ராசப்பன். நம்பாதவர் சொல்கிற சரிங்க அது.

டீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது கோகிலா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, தமிழ்செல்வன் சாரிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வெள்ளிக்கெழமை எனக்கு லீவு வேணும், எங்க சித்தி பொண்ணுக்குச் சீர்.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் லீவு என்ற சொல் அந்தக் கட்டடத்தில் எந்த மூலைக்கும் கேட்கும்.

“வெள்ளிக்கெழமையா? லாரி வர்ற அன்னைக்கா? லேபிள் ஆரு அடிக்கறது, உங்க சித்தியா?” என்றார் குழந்தைசாமி.

“போன தடவை இவ லீவு போட்டப்ப நாப்பது மூட்டையும் பேரில்லாம நின்னுச்சு” என்றாள் நாகலட்சுமி.

“நீங்க மட்டும் லீவே போடலையா? குழந்தைசாமி அண்ணன் பழனிக்குப் போனப்ப அடுப்பு அணைஞ்சு ரெண்டு நாள் கிடந்துச்சே!”

“அது என்ற தப்பா? மூணு பட்டனு, பச்சையை மொதல்ல அமுக்குன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? ராசப்பன் மூணையும் ஒண்ணா அமுக்கிட்டாரு.”

“சாமி கும்புடப் போறவன் பச்சை எதுன்னு காட்டிட்டுப் போகோணும்” என்றார் ராசப்பன்.

கலைச்செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு தாளைப் புரட்டி, வெறும் பக்கத்தை மேலே வைத்தாள்.

“அம்மா, அந்தக் கட்டமெல்லாம் வேண்டாம். இதையே கேக்கலாம். இவங்க லீவு போட்டா எந்த வேலை நிக்கும்? அவங்கவங்க சொல்ல வேண்டாம், மத்தவங்க சொல்லட்டும்.”

அப்புறம் எங்கே வாய் நின்றது! தன் குறையைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் அடுத்தவர் பெருமையைச் சொல்வதில் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தைசாமி இல்லாவிட்டால் அடுப்பும் நிற்கும், தையல் மெஷினும் நிற்கும். ராசப்பன் லீவு போட்டால் என்ன நிற்கும் என்றதற்கு, “சிரிப்பு நிக்கும்” என்றாள் கோகிலா. “எழுதிக்கங்க மேடம், எழுதிக்கங்க” என்றார் அவர். எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொருத்தருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். கலைச்செல்வி தலை நிமிராமல் எழுதினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய நாள் திரும்பி வந்த மாதிரி ஒரே கூச்சல்.

“மாதம்மாள் லீவு போட்டா?”

“அய்யோ, பிரிவே நின்னுரும்” என்றாள் நாகலட்சுமி. குரலில் அத்தனை பெருமை. “மூட்டைக்குள்ள கையை விட்டா, ஈரம் எந்த எடத்துல இருக்குதுன்னு அவ கைக்குத்தான் தெரியும். மெஷினுக்கு என்னுங்க தெரியும், நாம போட்டதைக் காட்டும். எங்க இருந்து எடுத்துப் போடறதுன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. குண்டூர் மிளகா, குண்டனி மிளகான்னு மோந்தே சொல்லிருவாளுங்க.”

மாதம்மாள் தலையைக் குனிந்து சிரித்தாள்.

“சரி, நாகலட்சுமி லீவு போட்டா?” என்று கலைச்செல்வி மாதம்மாளைக் கேட்டாள்.

மாதம்மாள் வாயைத் திறப்பதற்குள், அதே பெருமையின் வேகத்தில் நாகலட்சுமியே சொல்லிவிட்டாள்.

“நான் லீவு போட்டா மாதம்மாளுக்கு நம்பர் சொல்ல ஆளு இருக்காது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கலைச்செல்வியின் பேனா தாளின் மேலேயே நின்றது.

மாதம்மாள் எழுந்து, காயவைக்கும் களத்துக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். பாய்களில் பச்சையும் கறுப்புமாக மிளகு கிடந்தது. அவள் குந்தி உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்க அங்கே காம்பே இல்லை.

“மாதம்மா.”

“போங்க்கா, வெயிலா இருக்குது.”

“நாகு வேணும்னு சொல்லலை. வாய் தவறிடுச்சு.”

“அவ மேல எனக்கென்னுங்க கோவம்? இத்தனை வருஷம் மூச்சு விடாம இருந்தவ.”

“பொறவு?”

அவள் ஒரு மிளகை எடுத்துக் கடித்துத் துப்பினாள்.

“பச்சைக் கரை போட்ட சீலை ஒண்ணு கட்டியிருந்தேனே, ஞாபகம் இருக்குங்களா?”

இருக்காதா! பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. மாம்பழக் கலரில் புதுச் சேலை, பச்சைக் கரை, தலை நிறையக் கனகாம்பரம் என்று மாதம்மாள் வந்து நின்றாள். நாள் முழுக்கக் கிண்டல். “பொண்ணு பாக்க வாராங்களா?” என்று ராசப்பன் கேட்டார். அந்த வாரம் நாகலட்சுமி நாமக்கல்லில் ஐந்து நாள் பயிற்சியில் இருந்தாள். அதனால் ஜன்னலோரத்தில் அவள் இடத்தில் நான் போய் உட்கார்ந்து நம்பர் சொன்னேன். நான் சொல்ல, அவள் வாங்க, அந்த ஐந்து நாளும் எனக்குத் தேனாக ஓடியது. அவளோடு சேர்ந்து வேலை செய்த ஒரே வாரம். ஓய்வுபெற்ற பிறகு எத்தனையோ தடவை அதை எடுத்து எடுத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

“அது எதுக்குக் கட்டிட்டு வந்தேன்னு தெரியுங்களா?”

“கேட்டேனே. சும்மான்னு சொன்னியே.”

“பொறவு என்னன்னு சொல்லுவேன்? பயிற்சிக்கு ரெண்டு பேர் போலாம்னு நீங்கதான் பலகையில எழுதிப் போட்டீங்க. ராசப்பண்ணன் படிச்சுச் சொன்னாரு. நானும் நாகுவும்தான் ஒண்ணா வேலை செய்யறோம், ரெண்டு பேரையும்தான் அனுப்புவீங்கன்னு நெனச்சேன். நாமக்கல்லுல நாலு பேரு முன்னால பழசோட போய் உக்காரக் கூடாதுன்னு சீலை எடுத்தேன். திங்கக்கெழமை காலையில வந்து ஜீப்பு எப்ப வரும்னு பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க வந்தீங்க. நாகு கீழ இருந்தே போயிட்டா, நீ வா மாதம்மா, நான் நம்பர் சொல்றேன்னீங்க.”

களத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அவள் விரட்டவில்லை. நானும் விரட்டவில்லை.

“அங்க பத்துப் பேரு முன்னால நீ திணறிப் போயிருவேன்னு...”

“திணறியிருந்தா என்னுங்க்கா? அஞ்சு நாள் திணறியிருப்பேன். ஆறாவது நாள் தெரிஞ்சிருக்கும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மீட்டர் எண்ணைத் திருப்பிச் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மாதம்மா.”

“நீங்க கேட்டிருக்கலாமுங்க்கா. பேனா உங்க கையிலதானே இருந்துச்சு.”

அந்த ஐந்து நாளை நான் இனி எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் இனித்ததும் பொய்யில்லை.

“இப்ப என்ன எழுதட்டும்?” என்றேன்.

அவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

“வாங்க. எழுதறதை எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டோணும்.”

உள்ளே போனோம். எல்லாரும் வைத்த இடத்திலேயே இருந்தார்கள். நாகலட்சுமி அழுது மூக்கு சிவந்திருந்தது.

“ஏ நாகு, மிளகுத் தூசிக்கா அழுவறே, எனக்கா?” என்று கேட்டுவிட்டு மாதம்மாள் கலைச்செல்வி முன்னால் போய் நேராக உட்கார்ந்தாள்.

“அம்மிணி, எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதுங்க. எழுத்தும் தெரியாது. மிளகு தெரியும். மெஷின்ல உக்காரோணும்னா என்னென்ன படிக்கோணுமோ அதை எனக்குச் சொல்லித் தரோணும். குடோனுக்கு அனுப்பறதுன்னா அனுப்பிக்கங்க, ஆனா இதை எழுதிட்டு அனுப்புங்க.”

நான் பழைய டிக்கை அடித்துவிட்டு எழுதினேன். எழுதினதைப் படித்தேன்.

“மாதம்மாள். எண் படிக்கத் தெரியாது. பயிற்சி தேவை.”

“இன்னொருக்காப் படிங்க.”

படித்தேன்.

“செரி” என்றாள்.

அதற்கப்புறம் ராசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். “மேடம், அந்தத் தையல் மெஷினு இருக்குதே, அதோட மூடியைத் தொறக்கவே எனக்குத் தெரியாதுங்க. பதினெட்டு வருஷமாச்சு.” கோகிலா மிளகைச் சொன்னாள். குழந்தைசாமி, சட்டையை வேறு எங்கே மாட்டுவது என்பதையும் பயிற்சியில் சொல்லித் தருவார்களா என்று கேட்டார். நாகலட்சுமி கையைத் தூக்கினாள். “மூட்டைக்குள்ள கையை விட்டுப் பாக்கறதுக்குப் பயிற்சி உண்டுங்களா?” கலைச்செல்வி யோசித்தாள். “அதுக்கு நாமக்கல்லுல ஆள் இல்லீங்க. இங்கதான் இருக்காங்க” என்று சொல்லி, சொல்லித் தருபவர் என்ற இடத்தில் மாதம்மாள் பெயரை எழுதினாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியல் போனது. ஐந்து பெயரும் அதில் இருந்தன.

மூன்று மாசம் கழித்து, வீட்டுக்கு மிளகு வாங்கப் போன சாக்கில் எட்டிப் பார்த்தேன். பெரிய அலமாரி மாதிரி மெஷின் உட்கார்ந்திருந்தது. உள்ளே மிளகு சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. எனக்கு மூன்று தும்மல். ஆனால் ராசப்பன் எண்ணவில்லை. தையல் மெஷினின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, எந்தத் திருகு எங்கே போகும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

மாதம்மாள் பச்சைக் கரைச் சேலையில் இருந்தாள். சாயம் போய்க் கரை வெளுத்திருந்தது. மெஷினுக்குப் போடும் முன்னால் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு பிடி போட்டாள். எண் வந்தது. பக்கத்திலிருந்த நாகலட்சுமிக்கு வாய் தானாகத் திறந்தது.

“மூடு” என்றாள் மாதம்மாள், திரும்பாமலே.

நாகலட்சுமி மூடிக்கொண்டாள். மாதம்மாள் குனிந்து, விரலை ஒவ்வொரு எண்ணாக வைத்து நகர்த்தினாள்.

“ஒண்ணு... ஒண்ணு... பதினொண்ணு. புள்ளி. மூணு.” நிமிர்ந்தாள். “பதினொண்ணு புள்ளி மூணு. போடலாம்.”

ஒரே குரல்தான். எதிர்க்குரல் இல்லை. என் காது அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. இனி அது வரப்போவதில்லை என்று தெரிந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

நாகலட்சுமி அடுத்த மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“மாதம்மா, வெதுவெதுன்னு இருக்குது. மூட்டையா, இல்ல என்ற கையா?”

“கையை வெளிய எடுத்து ஊதிட்டு மறுக்கா விடு.”

“விட்டுட்டேன்.”

“இன்னும் உள்ள. தோளு வரைக்கும் விடு. என்ன, மூட்டை உன்னையக் கடிச்சா வெச்சிரும்?”

வெளியே சேந்தமங்கலம் பஸ் ஹாரன் அடித்தது. போனால் போகிறது, அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.